ஆரோக்கியமான விந்தணுவைத் தேர்ந்தெடுத்தல்: கால்நடை ஆய்வுக்கூடத்துக்கான முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள புறநகர்ப் பகுதிகளில் இன்றும் பால்மாடும் ஆடும் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அக்குடும்பங்களிலிருந்து கால்நடை அறிவியல் படிக்க வரும் பிள்ளைகள் சினை ஊசியைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டே ஆய்வுக்கூடத்துக்குள் நுழைகிறார்கள். ஆனால் ஊசி போடுவதற்கு முன்னால் அந்த விந்தின்மீது நடக்கும் வேலையைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதப்பட்டது குறைவு. அவர்களுக்காகவும், விந்தணுத் தேர்வில் புதிதாகக் கைவைக்கும் உதவியாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மாட்டை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். பிற விலங்குகளில் எங்கே மாறும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தேர்வு எதற்கு?

ஒரு பொலிகாளை ஒருமுறை தரும் விந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ நூறு கோடி விந்தணுக்கள் இருக்கும். இயற்கையான சேர்க்கையில் இவற்றுள் பெரும்பாலானவற்றைப் பசுவின் உடலே வடிகட்டிவிடுகிறது. கருப்பை வாயின் கோழை நேராக நீந்தாதவற்றைத் தடுக்கிறது. கருப்பையும் கருக்குழாயும் சேரும் குறுகிய இடம் மீண்டும் ஒருமுறை சலிக்கிறது. சினை ஊசியில் விந்தைக் கருப்பைக்குள்ளேயே விடுவதால் முதல் தடை போய்விடுகிறது. கண்ணாடித் தட்டில் கருத்தரிக்கச் செய்யும்போது எல்லாத் தடைகளும் போய், முட்டையின் வெளியுறை மட்டும் மிஞ்சுகிறது. ஒரே ஒரு விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள் செலுத்தும்போது அந்த உறையும் தடையாக இருப்பதில்லை. நாம் எத்தனை தடைகளை நீக்குகிறோமோ, அத்தனை தேர்வுப் பொறுப்பும் நம் கைக்கு வந்து சேர்கிறது. இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு முறையையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

நல்ல விந்தணு என்பதற்கு ஒரே அடையாளம் கிடையாது. அது நேராக முன்னேறி நீந்த வேண்டும். தலையும் வாலும் சரியான வடிவில் இருக்க வேண்டும். வெளிச்சவ்வு கிழியாமல் இருக்க வேண்டும். முட்டையின் உறையைத் துளைக்க உதவும் அக்ரோசோம் என்னும் தலைத்தொப்பி முன்கூட்டியே வெடித்திருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் டிஎன்ஏ இறுக்கமாகச் சுருண்டு, முறியாமல் இருக்க வேண்டும். இவற்றுள் முதல் இரண்டை மட்டுமே சாதாரண நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்க முடியும். அழகாக நீந்தும் விந்தணுவின் உள்ளே டிஎன்ஏ சிதைந்திருக்கலாம். எந்தத் தேர்வு முறையும் இந்த ஐந்தையும் ஒருசேரச் சோதிப்பதில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குணத்தை வைத்தே பிரிக்கிறது.

மேசையைத் தயார் செய்தல்

நம் ஊரில் வெளியே வெப்பம் 33 பாகை செல்சியஸாக இருக்க, ஆய்வுக்கூடத்தின் உள்ளே குளிரூட்டி 20 பாகைக்கு ஓடிக்கொண்டிருக்கும். இந்த வேறுபாடு விந்தணுவுக்குப் பெரும் தீங்கு. புதிய விந்து திடீரெனக் குளிர்ந்தால் விந்தணுவின் சவ்வுக் கொழுப்பு இறுகிச் சவ்வு பழுதாகிவிடும். பிறகு சூடாக்கினாலும் அது மீள்வதில்லை. நான் இந்த வேலைக்கு வந்த முதல் ஆண்டில், சிலாங்கூரின் செமினியேயிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, அசைவு மிகவும் குறைவு என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன். மூத்த உதவியாளர் ஒருவர் அதே குழாயிலிருந்து இன்னொரு துளியை, 37 பாகையில் வைத்திருந்த கண்ணாடித் தகட்டில் விட்டுக் காட்டினார். விந்தணுக்கள் மந்தையாக ஓடின. குறை காளையிடம் இல்லை; குளிரூட்டியின் காற்று நேராக வீசும் இடத்தில் நான் அடுக்கிவைத்திருந்த தகடுகளில் இருந்தது.

ஆகவே வேலை தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தகடுகள், மூடுதகடுகள், குழாய்கள், பைபெட் முனைகள், விந்தணுவை வைக்கும் கரைசலான ஊடகம் ஆகிய அனைத்தையும் 37 பாகையில் வைத்துவிடுங்கள். நுண்ணோக்கிக்கு வெப்பமேடை இல்லாவிட்டால் அதை வாங்கும்வரை அசைவு விழுக்காட்டைப் பதிவு செய்யாமல் இருப்பதே நேர்மை. தண்ணீரும் குளிருக்கு இணையான எதிரி. குழாயின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு துளி சாதாரண நீர் விந்தணுவை ஊதிப்போகச் செய்து வாலைச் சுருட்டிவிடும். ரப்பர் முனையுள்ள ஊசிக்குழல்களும் லேட்டக்ஸ் கையுறையின் தொடுகையும் விந்தணுவுக்கு நஞ்சாகலாம். ரப்பர் இல்லாத ஊசிக்குழலையும் நைட்ரைல் கையுறையையும் பயன்படுத்துங்கள்.

உறைவிந்துக் குச்சியை உருக்குதல்

பெரும்பாலான நாள்களில் நம் கைக்கு வருவது, விந்தை அடைத்து உறையவைத்த மெல்லிய பிளாஸ்டிக் குழலான 0.25 மில்லிலிட்டர் உறைவிந்துக் குச்சிதான். திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 பாகையில் அது தூங்கிக்கொண்டிருக்கும். இவ்வாறு உறையவைத்து உயிரோடு மீட்பது, கிளிசரால் விந்தணுவைக் காக்கும் என்று 1949இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவர் கண்டறிந்த பிறகே நடைமுறைக்கு வந்தது.

குச்சிகள் உள்ள கூடையைக் கலனின் கழுத்துக்கு மேலே தூக்காதீர்கள். கழுத்துக்குள்ளேயே வைத்து, இடுக்கியால் ஒரு குச்சியை மட்டும் சில நொடிகளுக்குள் எடுத்துவிட வேண்டும். நாம் எடுக்கும் குச்சியைவிட, தயங்கித் தயங்கித் தேடும்போது மேலே வந்துபோகும் மற்றக் குச்சிகளே அதிகம் கெடுகின்றன. எடுத்த குச்சியை 37 பாகை நீரில் குறைந்தது 30 நொடி வையுங்கள். பிறகு அதன் மேலுள்ள காளையின் பெயர், இனம், தொகுதி எண் ஆகியவற்றைப் படித்து எழுதிக்கொண்டு, மெல்லிய தாளால் ஈரம் சிறிதும் இல்லாமல் துடையுங்கள். முதலில் மூடப்பட்ட முனையைக் குழாயின் வாய்க்கு மேலே பிடித்து வெட்டி, அடுத்துப் பஞ்சடைப்பு உள்ள முனையை வெட்டினால் விந்து தானே இறங்கும்.

திரவ நைட்ரஜன் கலனை வண்டியில் கொண்டுவரும்போது அதை நிமிர்த்திக் கட்டிவையுங்கள், சாளரங்களைத் திறந்துவையுங்கள். மாலை மழையில் நெரிசலில் சிக்கி, எல்லாச் சாளரங்களையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஆபத்து. ஆவியாகும் நைட்ரஜனுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய இடத்தில் அது உயிர்வளியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தேர்வுக்கு முந்தைய மதிப்பீடு

எந்த முறையைக் கையாள்வது என்பதை மாதிரியே சொல்ல வேண்டும். ஆகையால் மதிப்பீட்டைத் தவிர்க்க முடியாது. வெப்பமேடையில் 200 மடங்கு பெரிதாக்கத்தில் ஐந்து வெவ்வேறு இடங்களைப் பார்த்து, நேராக முன்னேறுபவை எத்தனை விழுக்காடு என்று கணியுங்கள். வட்டமடிப்பவற்றையும் இருந்த இடத்திலேயே துடிப்பவற்றையும் இதில் சேர்க்காதீர்கள். அடுத்து, ஒரு துளி விந்தோடு இயோசின்–நைக்ரோசின் சாயத்தைக் கலந்து பூச்செடுத்து உலரவைத்தால், கருநீலப் பின்புலத்தில் உயிருள்ளவை வெள்ளையாகவும் இறந்தவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். இருநூறு விந்தணுக்களை எண்ணுங்கள்; அதே பூச்சில் தலை, நடுப்பகுதி, வால் ஆகியவற்றின் வடிவக் குறைகளையும் குறித்துக்கொள்ளலாம். பொலிகாளைகளின் தகுதியை மதிப்பிட உலக அளவில் பரவலாகக் கைக்கொள்ளப்படும் அமெரிக்க அளவுகோல், குறைந்தது 30 விழுக்காடு முன்னேறும் அசைவையும் 70 விழுக்காடு இயல்பான வடிவத்தையும் கேட்கிறது.

சவ்வு வேலை செய்கிறதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. இயல்பான உடல்திரவத்தின் பாதி அடர்த்தி மட்டுமே உள்ள கரைசலில் விந்தணுக்களை 37 பாகையில் 30 முதல் 60 நிமிடம் வைத்தால், சவ்வு நலமாக உள்ளவற்றுக்குள் நீர் புகுந்து வால் சுருளும். சவ்வு செத்தவற்றின் வால் நேராகவே இருக்கும். சற்று முன்னர் எதிரி என்று சொன்ன நீரே இங்கே சாட்சியாகிறது. விலையுயர்ந்த கருவி ஏதும் தேவைப்படாத இந்தச் சோதனையைச் சிறிய ஆய்வுக்கூடங்கள் கட்டாயம் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

வெறும் கழுவல் தேர்வாகாது

ஊடகம் சேர்த்து மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி, மேல்நீரை இறுத்துவிட்டு, அடியில் படிந்ததை எடுப்பதைச் சிலர் விந்தணுத் தேர்வு என்றே எழுதுகிறார்கள். அது விந்துத் திரவத்தையும், உறையவைக்கும்போது சேர்த்த முட்டை மஞ்சள் கருக் கரைசலையும் நீக்குகிறதே தவிர, நல்லதையும் கெட்டதையும் பிரிப்பதில்லை. அதைவிட மோசமாக, இறந்தவற்றையும் உயிருள்ளவற்றையும் ஒரே கட்டியாக அழுத்தி வைக்கிறது. பழுதான விந்தணுக்கள் வெளியிடும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பக்கத்திலிருக்கும் நல்லவற்றின் சவ்வையும் டிஎன்ஏவையும் அரிக்கின்றன. தேர்வுக்குப் பின் கழுவுங்கள். தேர்வுக்குப் பதிலாகக் கழுவாதீர்கள்.

மேல்நீந்தல் முறை

நீந்தும் ஆற்றலை வைத்துப் பிரிக்கும் முறை இது. ஆல்புமின் என்னும் புரதம் சேர்த்த ஊடகத்தை ஒரு மில்லிலிட்டர் வீதம் பல குழாய்களில் ஊற்றுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும், நீளமான பைபெட் முனையை அடிவரை இறக்கி, 0.1 முதல் 0.2 மில்லிலிட்டர் விந்தை மிக மெதுவாக விடுங்கள். இரண்டுக்கும் இடையிலான கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். கலங்கிவிட்டால் அந்தக் குழாயைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரே பெரிய குழாயைவிடப் பல சிறிய குழாய்களைப் பயன்படுத்துவதற்கும், குழாயை 45 பாகை சாய்த்து வைப்பதற்கும் காரணம் ஒன்றுதான்: விந்தும் ஊடகமும் தொடும் பரப்பு கூடும்போது மேலே நீந்திப் போக அதிக விந்தணுக்களுக்கு வழி கிடைக்கிறது.

மாட்டு விந்தாக இருந்தால் பசுவின் உடல்வெப்பத்தை ஒட்டி 38.5 பாகையில் 45 முதல் 60 நிமிடம் வையுங்கள். பைகார்பனேட் ஊடகமானால் 5 விழுக்காடு கரியமில வாயு உள்ள இன்குபேட்டரில், குழாயின் மூடியைத் தளர்த்தி வைக்க வேண்டும்; ஹெப்பிஸ் என்னும் தாங்கல் பொருள் சேர்த்த ஊடகமானால் மூடியை இறுக்கி, சாதாரணக் காற்றில் வைக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் அமிலக்கார நிலை தடுமாறி, நல்ல மாதிரியும் நின்றுபோகும். நேரம் ஆனதும் மேலிருந்து ஏறத்தாழ முக்கால் பங்கை மட்டும், கோட்டை நெருங்காமல் உறிஞ்சி எடுத்து, குறைந்த வேகத்தில் ஒருமுறை சுழற்றிச் செறிவாக்குங்கள்.

கிடைப்பவை துள்ளலானவை, ஆனால் எண்ணிக்கையில் குறைவு. உருக்கிய பின் அசைவு குன்றிய விந்திலும், ஒரே ஒரு குச்சி மட்டும் கைவசம் இருக்கும்போதும் இம்முறையைத் தவிர்ப்பேன்.

அடர்த்திப் படுகை முறை

விதைநெல்லை உப்புநீரில் போட்டுப் பதரை மிதக்கவிட்டு, அடியில் தங்கிய மணியை விதைக்கு எடுக்கும் பழக்கத்தை நம் முன்னோர் வயலில் செய்தார்கள். கரைசல் பதமா என்று பார்க்க அதில் ஒரு முட்டையை மிதக்கவிடுவார்கள். அடர்த்திப் படுகையின் தத்துவம் அதுவே. டிஎன்ஏ இறுக்கமாகச் சுருண்டு முதிர்ந்த விந்தணு அடர்த்தி மிக்கது; அது கூழ்மத்தைக் கடந்து அடிக்குப் போகும். முதிராதவை, இறந்தவை, வெள்ளணுக்கள், பெரும்பாலான நுண்ணுயிர்கள், மஞ்சள் கருத் துணுக்குகள் ஆகியவை இடையிலேயே நின்றுவிடும்.

இதற்கான கூழ்மம் நுண்ணிய சிலிக்கா துகள்களால் ஆனது. நெடுநாள் பயன்பட்ட பெர்கால் என்னும் கூழ்மம் 1990களின் நடுவில் மனித மருத்துவமனைப் பயன்பாட்டிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது; கால்நடை ஆய்வில் அது இன்றும் புழங்குகிறது. சைலேன் பூசிய சிலிக்காவால் ஆன மாற்றுப் பொருள்களும் கிடைக்கின்றன. பெர்காலைக் கையாள்வோர், ஒன்பது பங்கு கூழ்மத்துடன் பத்து மடங்கு செறிவுள்ள ஊடகத்தை ஒரு பங்கு சேர்த்து முதலில் 90 விழுக்காட்டுக் கரைசலைச் செய்துகொள்ள வேண்டும். அதில் பாதியை எடுத்துச் சமஅளவு சாதாரண ஊடகத்தோடு கலந்தால் 45 விழுக்காடு கிடைக்கும். வெறும் ஊடகத்தை மட்டும் கலந்து 90 விழுக்காடு செய்தால் உப்பின் அளவு குறைந்து, விந்தணு நீரேறிச் சாகும். இந்தப் பிழையைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கூம்பு வடிவக் குழாயின் அடியில் முதலில் 90 விழுக்காட்டுக் கரைசலை விடுங்கள். குழாயைச் சாய்த்து, சுவரோடு வழியவிட்டு, அதன்மேல் 45 விழுக்காட்டை அடுக்குங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே மெல்லிய வரி தெரியும். உருக்கிய விந்தை மேலே பரப்பி, புவியீர்ப்பு விசையின் 300 முதல் 700 மடங்கில் 10 முதல் 30 நிமிடம் சுழற்றுங்கள்; துல்லியமான அளவை நீங்கள் வாங்கிய கூழ்மத்தின் தாளிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் பிரேக்கை அணைத்து, தானாக நிற்கவிடுங்கள்.

இங்கே ஒரு கணக்கை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு கூடத்தில் பலித்தது இன்னொரு கூடத்தில் பலிக்காமல் போவதற்கு இதுவே அடிக்கடி காரணமாகிறது. நிமிடச் சுற்றுகளின் எண்ணிக்கையும் விசையும் ஒன்றல்ல. சுழல் ஆரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, நிமிடச் சுற்றுகளின் வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118 என்ற மாறிலியாலும் பெருக்கினால் விசை கிடைக்கும். ஆரம் 10 சென்டிமீட்டர் உள்ள சிறிய இயந்திரத்தில் 1,640 சுற்று ஏறத்தாழ 300 மடங்கு விசையைத் தரும். ஆரம் 15 சென்டிமீட்டர் உள்ள பெரிய இயந்திரத்தில் அதே 1,640 சுற்று 450 மடங்காகிவிடும். பதிவேட்டில் சுற்றை மட்டும் எழுதியவரின் முறையை வேறு எவராலும் திருப்பிச் செய்ய முடியாது.

சுழற்சி முடிந்ததும் மேலிருந்து அடுக்கடுக்காக உறிஞ்சி நீக்குங்கள். படிவை எடுக்கப் புதிய முனையைப் பயன்படுத்துங்கள். பழைய முனையில் ஒட்டிய அழுக்கு, செய்த தேர்வையே வீணாக்கும். படிவைப் புதுக்குழாயில் ஐந்து மில்லிலிட்டர் அளவு ஊடகத்தில் கரைத்து, 300 மடங்கில் ஐந்து நிமிடம் சுழற்றிக் கூழ்மத்தைக் கழுவுங்கள். படிவு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக அடியில் உள்ளதைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

இரண்டு அடுக்குக்குப் பதிலாக ஒரே அடுக்குக் கூழ்மத்தில் 300 மடங்கில் 20 நிமிடம் சுழற்றும் முறையை ஸ்வீடனின் உப்சாலாவில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்தார்கள். அடுக்கும் சிரமம் இல்லாததால், குதிரை, பன்றி போன்று விந்தின் அளவு அதிகமுள்ள விலங்குகளுக்கு அது மிகவும் பொருந்துகிறது.

கருவி சார்ந்த புதிய முறைகள்

சாகத் தொடங்கிய விந்தணு, சவ்வின் உட்புறம் இருக்க வேண்டிய ஒரு கொழுப்பை வெளியே காட்டும். அனெக்சின் என்னும் புரதம் அதைப் பற்றிக்கொள்ளும். அனெக்சினைக் காந்தத் துகளோடு இணைத்து, கலவையைக் காந்தப் புலத்தின் ஊடாக ஓடவிட்டால் சாகத் தொடங்கியவை சிக்கிக்கொள்ள, நலமானவை வெளியேறும். இது அசைவைச் சோதிப்பதில்லை. ஆகையால் அடர்த்திப் படுகைக்குத் துணையாக நிற்கும், தனித்து நிற்காது. நுண்வழித் தட்டுகளில் விந்தணுக்கள் மயிரிழை போன்ற கால்வாய்களில் நீந்தி மறுமுனை சேர்கின்றன. சுழற்சியே இல்லாததால் டிஎன்ஏவுக்குச் சேதம் குறைவு, ஆனால் ஒருமுறைக்குக் கையாளும் அளவும் குறைவு.

பால்மாடு வளர்ப்போர் அதிகம் கேட்பது கிடேரிக் கன்றுக்கான விந்தைப் பற்றி. மாட்டில், கிடேரியைத் தரும் எக்ஸ் விந்தணுவில், காளைக் கன்றைத் தரும் ஒய் விந்தணுவைவிட டிஎன்ஏ ஏறத்தாழ 3.8 விழுக்காடு அதிகம். ஹோய்ஸ்ட் 33342 என்னும் ஒளிர்சாயம் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ள, லேசர் ஒளியில் கூடுதலாக ஒளிரும் விந்தணுக்களை ஓட்டமானி என்னும் கருவி ஒவ்வொன்றாகப் பிரிக்கிறது. அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் 1989இல் முயல்களில் நிறுவப்பட்ட இம்முறை இன்று மாடுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு துல்லியம் தருகிறது. இது பாலினத் தேர்வு. நலத் தேர்வு ஆகாது. சாயம், லேசர், அழுத்தம் எல்லாவற்றையும் தாங்கிவந்த விந்தணு சோர்ந்தே இருக்கும் என்பதால், இத்தகைய குச்சியை உருக்கிய பின் கூடுதல் மென்மையோடு கையாளுங்கள்.

விலங்குக்கு விலங்கு மாறுபவை

வெள்ளாட்டுக் கிடாயின் விந்தில் உள்ள ஒரு நொதி முட்டை மஞ்சள் கருவோடு சேர்ந்தால் விந்தணுவைக் கொல்லும் நச்சுப்பொருளை உண்டாக்குகிறது. எனவே மஞ்சள் கரு சேர்த்த கரைசலில் உறையவைப்பதற்கு முன் விந்துத் திரவத்தைக் கழுவி நீக்குவது வழக்கம். முன்பு குறைகூறிய வெறும் கழுவலுக்கு இங்கே நியாயமான இடம் உண்டு. பன்றி விந்தணு குளிரை மிகவும் அஞ்சும். அதை 16 முதல் 18 பாகையில் வைப்பார்களே தவிர, குளிர்பெட்டியில் வைப்பதில்லை. குதிரை விந்தின் கூழ்ப்பகுதியை முதலில் வடிகட்டியால் நீக்க வேண்டும்.

காட்டு விலங்குகளுக்கு வரும்போது கணக்கே வேறு. மலேசியாவின் கடைசிச் சுமத்திரா காண்டாமிருகங்களான தாம், இமான் ஆகிய இரண்டும் சபாவில் 2019ஆம் ஆண்டு மே, நவம்பர் மாதங்களில் இறந்தன. எஞ்சியவை உறையவைத்த உயிரணுக்கள்தாம். இத்தகைய மாதிரிகளில் மிகச் சிறந்ததைத் தேடுவதைவிட, உயிருள்ள எதையும் இழக்காமல் இருப்பதே முதன்மை. மாதிரி முழுவதையும் ஒரே முறையில், ஒரே நாளில் போட்டுவிடாமல் பகுத்து வையுங்கள். அதற்கு முன் அதே முறையை நெருங்கிய வளர்ப்பு விலங்கின் விந்தில் கைபழகிக்கொள்ளுங்கள்.

எண்ணுதல், சேர்த்தல், எழுதுதல்

தேர்ந்தெடுத்த படிவை எண்ணாமல் முட்டையோடு சேர்க்காதீர்கள். குறைந்தால் கருத்தரிக்காது, மிகுந்தால் ஒரே முட்டைக்குள் பல விந்தணுக்கள் புகுந்து கரு வீணாகும். ஒரு பங்கு மாதிரியை 20 மடங்காக நீர்க்கச் செய்து நியூபவர் எண்ணுதகட்டில் விட்டு, நடுச்சதுரத்தின் 25 கட்டங்களில் நான்கு மூலைகளும் நடுவும் ஆக ஐந்து கட்டங்களை எண்ணுங்கள். ஐந்திலும் சேர்த்து 20 வந்தால், 20ஐ 20ஆலும், பிறகு 50,000ஆலும் பெருக்க, மில்லிலிட்டருக்கு 2 கோடி என்று வரும். கண்ணாடித் தட்டுக் கருத்தரிப்பில் மாட்டுக்கு வழக்கமான செறிவு மில்லிலிட்டருக்கு 10 லட்சம். ஆகவே 100 மைக்ரோலிட்டர் துளியில் இந்தப் படிவின் 5 மைக்ரோலிட்டர் போதும். அந்தத் துளியில் ஹெப்பரின் என்னும் பொருள் இருக்க வேண்டும்; மாட்டு விந்தணுவை முட்டையைத் துளைக்கத் தகுதியாக்குவது அதுவே. 38.5 பாகையில் 18 முதல் 20 மணி நேரம் முட்டைகளோடு விடுவது நடைமுறை.

ஒவ்வொரு நாளும் தேர்வுக்கு முந்தைய அசைவு, பிந்தைய அசைவு, சேர்த்த எண்ணிக்கை, மீண்ட எண்ணிக்கை, விசை, வெப்பம், கூழ்மத்தின் தொகுதி எண், அன்று மின்தடை ஏற்பட்டதா என்பது வரை எழுதுங்கள். பிற்பகல் இடிமழையில் ஒரு நிமிடம் மின்சாரம் போய்வந்தால் இன்குபேட்டர் தானாக மீண்டும் ஓடும், நாம் கவனித்திருக்க மாட்டோம். மறுநாள் பிளவுபடாத முட்டைகளைப் பார்த்துக் காளையைக் குறைசொல்வோம். என் பதிவேட்டில் வானிலைக்கு என்று ஒரு தனிக் கட்டம் வைத்திருக்கிறேன்.